ஒரு கோப்பைச் சோறு

31 வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். பின்னத்தைக் கண்டாலே வயிற்றுக்குத்து வருகிற பிள்ளைகளையெல்லாம் ஓ.எல். கரையேற்றியிருக்கிறேன். இப்போது 62 வயதில், விடியக் காலமை அடுப்படியில் நின்றுகொண்டு ஒரேயொரு கணக்கோடு மல்லுக்கட்டுகிறேன். ஏழு வருடமாக விடை வரவில்லை. நீத்துப்பெட்டியில் அவிந்து கிடக்கிற இந்தப் பிட்டில் எனக்குரியது எவ்வளவு? இதுதான் கணக்கு.

சலரோகம் வந்து ஏழு வருடம். எங்கள் ஊரில் அதைச் 'சீனி' என்றுதான் சொல்வார்கள். "ரீச்சருக்கும் சீனியாம்" என்ற கதை ஒழுங்கை முழுக்கப் பரவ ஒரு பகல் காணும். வைத்தியம் சொல்ல வந்தவர்கள் படலையைத் திறக்க அந்தப் பகலும் தேவைப்படவில்லை.

குளுசையில் எனக்குக் குறை இல்லை. மெற்போர்மின் இரண்டு நேரம், கிளிக்ளசைட் காலமைச் சாப்பாட்டுக்கு முன்னம். கிளினிக்கில் ஒரு சதமும் வாங்காமல் தருகிறார்கள். இந்த நாட்டில் அது சின்ன விசயமில்லை. 2022ஆம் ஆண்டு மருந்துக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்றபோது, இதே குளுசையைத் தேடி மூன்று பாமசி ஏறி இறங்கியவள் நான். ஆகவே தருகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். என்னுடைய ஆத்திரமெல்லாம் குளுசையோடு சேர்த்துத் தந்தார்களே ஒரு தாள், அதில்தான்.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். தந்த பிள்ளை நல்ல பிள்ளை, சிரித்த முகம். தாள்தான் போட்டோக்கொப்பிக்கு மேல் போட்டோக்கொப்பி எடுத்து எழுத்தெல்லாம் வெளிறிப்போயிருந்தது. காலமைக்கு ஓட்ஸ். பத்து மணிக்கு ஒரு அப்பிள். சலாட், ஒலிவ் எண்ணெய். மத்தியானத்துக்கு எழுதியிருந்தது: 'ஒரு கோப்பை சோறு'.

அதை எழுதிய புண்ணியவானுக்குக் கோப்பை என்றால் தேநீர்க் கோப்பை. எங்களுக்கு யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணி குடிக்கிறது கப்பில். அந்த நாளில் மூக்குப்பேணியில். கோப்பை என்றால் சோறு போட்டுச் சாப்பிடுகிற தட்டு. அகலமாக, விளிம்பு வைத்து, நடுவில் சோறு குவித்துச் சுற்றிவரக் கறி வைப்போமே, அதுதான் கோப்பை.

நான் இதைக் கண்டுபிடித்துச் சிரித்ததோடு விட்டிருப்பேன். கிளினிக் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர் விடவில்லை. தோட்டக்காரர், எழுபது வயதிருக்கும். தாளை நாலாக மடித்துச் சேட்டுப் பொக்கற்றில் வைத்திருந்தார். "பிள்ளை, இதில எழுதின மாதிரி மத்தியானம் ஒரு கோப்பைதான் சாப்பிடுறன். ரெண்டாந்தரம் போடுறதேயில்லை. ஏன் எனக்குக் குறையுதில்லை?" என்று கேட்டார். நிறைந்த கோப்பையைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த மனிசன் டொக்டர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறது. உள்ளே போனதும் "நீங்கள் சாப்பாட்டைக் கட்டுப்படுத்துறேல்லை" என்று பேச்சு விழுந்தது, வெளியே எங்களுக்கும் கேட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியில் சமையல் தராசு ஒன்று வாங்கினேன். கடைக்காரத் தம்பி, "கேக் அடிக்கவோ ரீச்சர்?" என்றான். கேக்தான் எனக்கு இப்போது குறைச்சல்.

நிறுத்துப் பார்த்ததில் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். சோற்றில் 100 கிராமுக்கு 28 கிராம் அளவில் மாச்சத்து. நீரிழிவுச் சாப்பாட்டுக் கணக்கில் 15 கிராம் மாச்சத்தை ஒரு பங்கு என்பார்கள். ஒரு ரீ கப் சோறு 160 கிராம் வந்தது. ஏறத்தாழ மூன்று பங்கு. எங்கள் வீட்டுக் கோப்பையில் என் மனிசன், இவர், வழக்கமாகப் போடுகிற சோறு 400 கிராமுக்கு மேல், ஏழரைப் பங்கு. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்ததில் நாலரைப் பங்கு வித்தியாசம். சோதனைத் தாளில் இப்படியொரு கேள்வி வந்திருந்தால் அதை நீக்கிவிட்டு எல்லாப் பிள்ளைக்கும் முழுப் புள்ளி கொடுத்திருப்போம்.

பிட்டுக்கு வருகிறேன். தாளில் பிட்டு இல்லை. இடியப்பம் இல்லை. பாண் மட்டும் 'இரண்டு துண்டு' என்று இருந்தது. இங்கே பாணைத் துண்டுக் கணக்கில் யார் வாங்குகிறார்கள்? றாத்தல் கணக்கில்தானே வாங்குகிறோம். ஒரு றாத்தல் பாண் 450 கிராம், அதில் பாதியளவு மாச்சத்து. கால் றாத்தலைப் பிய்த்துச் சம்பலோடு தின்றாலே மூன்றரைப் பங்கு தாண்டிவிடும். கால் றாத்தலோடு எழும்புகிறவன் யாழ்ப்பாணத்தில் காய்ச்சல்காரன்.

எங்கள் நீத்துப்பெட்டிக்குக் கால் கிலோ வறுத்த சிவப்பரிசி மா பிடிக்கும். மாவில் 100 கிராமுக்கு 80 கிராம் அளவில் மாச்சத்து. ஆக, ஒரு பெட்டி பிட்டில் 200 கிராம், 13 பங்கு. நாங்கள் வீட்டில் மூன்று பேர்: நான், இவர், 86 வயது மாமி. மூன்றாகச் சமனாகப் பிரித்தாலே எனக்கு நாலு பங்குக்கு மேல். சமனாகப் பிரிகிறதா என்றால் அதுவும் இல்லை. மாமி குருவி கொத்துகிற மாதிரி இரண்டு பிடி. மிச்சம் கிடந்து பழுதாகிறதே என்று யாராவது ஒருவர் தின்ன வேண்டும். இந்த நாட்டில் அந்த 'யாராவது ஒருவர்' எப்போதும் அம்மாதான். சட்டி வழித்துத் தின்றுதான் பாதிப் பேருக்கு இந்த வருத்தம் வந்ததோ என்று எனக்கொரு சந்தேகம். எந்த ஆராய்ச்சியிலும் இல்லாத, என்னுடைய சொந்தச் சந்தேகம்.

இடியப்பம் இன்னும் மோசம். "மூண்டு இடியப்பம் சாப்பிடுங்கோ" என்கிறார்கள். யாருடைய இடியப்பம்? என் கை பிழிந்தால் 30 கிராம். சந்திக் கடையில் கட்டி வாங்கினால் 45. அதுவும் அங்கே அவித்த கோதம்ப மாவும் வெள்ளையரிசி மாவும் எந்த அளவில் கலந்திருக்கிறது என்று அந்த முருகனுக்குத்தான் தெரியும்.

பிறகு இந்த உருளைக்கிழங்கு. சோற்றுக்கு ஒரு கிழங்குப் பிரட்டல் இருந்தால் எங்களுக்கு அது மரக்கறி. வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த கிழங்கென்றால் ஊர்ப் பெருமையும் சேர்ந்துகொள்ளும். ஆனால் மாச்சத்துக் கணக்கில் கிழங்கு சோற்றுப் பக்கம். சோற்றுக்குச் சோற்றைக் கறியாகப் போட்டுத் தின்கிறோம். இதைச் சொன்னபோது மச்சாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "மரவள்ளியுமோ?" என்றா. மரவள்ளியும்தான். "அப்ப ராசவள்ளி?" என்று கேட்கத் தொடங்கியவ பாதியில் நிறுத்திவிட்டா. சீனியும் தேங்காய்ப்பாலும் விட்டுக் களியாகக் காய்ச்சிய அந்த ஊதா நிறம் இரண்டு பேருக்குமே கண்ணுக்குள் வந்துவிட்டது.

கிழமையில் இரண்டு நாள் எனக்குப் பிரச்சினை கூடும். செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் மரக்கறி. மற்ற நாளில் சூடை, கீரி என்று மீன் சொதி இருக்கும். இரண்டு துண்டு மீனும் ஒரு பிடி கீரை வறையும் இருந்தால் சோறு குறைவது தெரியாது. விரத நாளில் மீன் இராது. பருப்பு, கிழங்கு, பூசணி, அப்பளம், பொரித்த மிளகாய், கடைசியில் பாயசம். சனிக்கிழமை விடியக் குத்திப் பார்த்தால் மெசினில் இலக்கம் ஏறி நிற்கும். நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாளும் இதே கதை. முருகன் கோபிக்கக்கூடாது, அவருடைய தேருக்கும் என்னுடைய இரத்தத்துக்கும் ஒரே காலத்தில்தான் ஏற்றம். கச்சானைக் கூட்டுங்கோ, பயறை அவியுங்கோ, கடலையைச் சுண்டுங்கோ என்று அந்தத் தாளில் ஒரு வரி இருந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் போயிருக்காது. எழுதியவருக்கு எங்களுடைய வெள்ளிக்கிழமை தெரியவில்லை.

தாளாவது வாயைத் திறக்காது. சனம்?

"ரீச்சர், குரக்கன் சாப்பிடுங்கோ, எவ்வளவும் சாப்பிடலாம்." எவ்வளவும்! குரக்கனில் நார்ச்சத்து உண்டு, கல்சியம் அரிசியைவிடப் பல மடங்கு உண்டு, எல்லாம் சரி. ஆனால் 100 கிராம் குரக்கன் மாவில் 70 கிராமுக்கு மேல் மாச்சத்துத்தான். பட்டுப்போல அரைத்தால் செரிக்கிறதும் கெதிதான். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் சோற்றை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்வார். இரவுக்கு ஒரு முழுப் பெட்டி குரக்கன் பிட்டும் இரண்டு கப்பல் வாழைப்பழமும் அவருக்குச் சாப்பாடு.

"சீனிதான் கூடாது, பனங்கட்டி ஒண்டும் செய்யாது." இது யாழ்ப்பாணத்தின் தேசிய கீதம். பனை எங்களுடைய மரம் என்பதற்காக அதில் வருகிற இனிப்பு எங்களுக்கு இரக்கம் காட்டுமா? பனங்கட்டியில் பெரும்பகுதி அதே சுக்குரோஸ்தான். குட்டானைப் பிரித்து நுனியில் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிக்கிற சுகம் எனக்கும் தெரியும். தெரிந்தபடியால்தான் ஆத்திரம் கூடுகிறது.

ஆவரசம்பூ அவித்துக் குடி. வெந்தயம் ஊறவைத்துக் குடி. பாவற்காய்ச் சாறு. குறிஞ்சா இலையைச் சொதி வை. குறிஞ்சா நல்ல இலைதான். பச்சையாக மென்றுவிட்டுச் சீனியை நாக்கில் வைத்தால் மணல் மாதிரி இருக்கும், அதைச் செய்து பார்த்து நானே அதிசயப்பட்டிருக்கிறேன். அதோடு குளுசையை நிறுத்து என்கிறார்களே, அதுதான் பயம். சொல்கிறவர்களில் ஒருவராவது "நீங்கள் நேற்று இரவு என்ன, எவ்வளவு சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டதில்லை. டொக்டருக்குக் கேட்க நேரமில்லை. எனக்குப் பின்னால் நூறு பேர். சனத்துக்குச் சொல்லத்தான் நேரம்.

ஸ்காபறோவிலிருந்து மகன் வேறு. "அம்மா, சோறே வேண்டாம். கீற்றோ செய்யுங்கோ." ஒரு மாரியில் அவன் சொல் கேட்டு, கிளிக்ளசைட்டையும் போட்டுக்கொண்டு, காலமை ஒரு முட்டையோடு நிறுத்தினேன். பத்தரை மணிக்குச் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்துகொண்டு நிற்கையில் கை நடுங்கி, கண் இருண்டு, வேர்த்துக் கொட்டியது. அந்த மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டை வெட்டினால் சீனி விழும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் அன்றைக்குத் தெரியாது. 70க்குக் கீழே போனால் ஆபத்து. உடனே மூன்று தேக்கரண்டி சீனியாவது உள்ளே போகவேண்டும். மரக்கறி விற்கிற அம்மா தன்னுடைய தேத்தண்ணியை என் வாயில் வைத்துப் பருக்கினா. ஏழு வருடத்தில் அன்றைக்கு ஒருநாள்தான் ஒரு சந்தையே கூடி நின்று என்னைச் சீனி குடிக்கச் சொன்னது.

சீனியை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள் இருந்தோமே, சீனி வந்தால் உண்டு. வந்தாலும் விலை எட்டாது. கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோச் செய்தி கேட்ட காலம். பள்ளிக்கூடத்துக்குப் போக எட்டு மைல், வர எட்டு மைல் சைக்கிள் உழக்கினேன். அம்மாவுக்கு அப்போதே சலரோகம். இன்சுலின் குப்பியைப் பொலித்தீனில் சுற்றி, ஈர மணலில் வைத்த மண்பானைத் தண்ணிக்குள் இறக்கி வைத்திருந்தோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, நகையை மறந்தாலும் அந்தக் குப்பியை மறக்கவில்லை. ஈரத்துணியில் சுற்றி என் மடியில்தான் வந்தது. ஒருநாளாவது ஆசைதீர இனிப்புப் போட்டு ஒரு பால் தேத்தண்ணி குடிக்கவேண்டும் என்று அப்போது கிடந்து ஏங்கினேன். இப்போது கடை நிறையச் சீனி. வெள்ளை, சிவப்பு, கட்டி. எனக்கு ஏலாது. நேரம் பார்த்துத் தருவதில் கடவுளை விஞ்ச ஆளில்லை.

கணக்கிலும் எங்களை ஆரும் சேர்க்கவில்லை. 2005-06இல் நாடளாவிய நீரிழிவுக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு என்று அதில் வந்தது. நாடளாவிய என்றால் ஒன்பது மாகாணத்தில் ஏழு. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் இல்லை. பிறகு 2018-19இல் செய்த ஆய்வில் நாட்டின் வளர்ந்தவர்களில் 23 வீதம் என்று வந்தது. ஏறத்தாழ நாலில் ஒருவர். 2016இலிருந்து சோடாப் போத்தலில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று புள்ளி வைக்கச் சட்டம் போட்டார்கள். நல்ல சட்டம். நான் சோடா குடிக்கிறேல்லை. பிட்டுக்கு யார் புள்ளி வைக்கிறது?

இதில் இன்னொன்று. ஆம்பிளைக்கு இந்த வருத்தம் வந்தால் வீட்டில் ஒரு மனிசி இருக்கிறாள். பாவற்காய் வெட்டவும் சோற்றை அளந்து போடவும் "காணும், வையுங்கோ" என்று கண்ணை உருட்டவும். பொம்பிளைக்கு வந்தால்? என் வீட்டில் மூன்று சட்டி. எனக்குக் குத்தரிசி, இவருக்கு வெள்ளைப் பச்சையரிசி, மாமிக்குக் குழையல். மூன்றையும் துழாவி, மூன்றிலும் உப்புப் பார்த்து, மூன்றையும் பரிமாறிவிட்டு நான் கோப்பையோடு குந்தும்போது இரண்டரை மணி. அந்த நேரத்துப் பசியில் ஆர் கீரையை முதல் தின்னப்போகினம்?

"இஞ்சாருங்கோ, நீங்களும் குத்தரிசிக்கு மாறினால் எனக்கு ஒரு சட்டி மிச்சம்" என்று ஒருநாள் சொன்னேன். "எனக்கென்ன வருத்தமே?" என்றார். இரண்டு வருடமாக இரத்தம் சோதிக்காத மனிசன்.

நடக்கச் சொல்கிறார்கள். நடக்கிறேன். பின்னேரம் ஐந்து மணிக்கு ஒழுங்கையில் இறங்கினால் நாலு படலையில் மறிப்பு. "ரீச்சர், எங்க நடை? வாங்கோ, ஒரு வாய் தேத்தண்ணி." சீனி வேண்டாம் என்றால் முகம் வாடும். "உங்களுக்கெண்டு அரைக் கரண்டிதான் போட்டனான், அது ஒண்டும் செய்யாது." நாலு வீட்டு அரைக் கரண்டி எத்தனை கரண்டி என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். நடந்து கரைத்தது அதற்குச் சரி. நடை மிச்சம்.

கிளினிக் நாள் தனிக் கதை. இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒன்றும் தின்னாமல், நாலரைக்கு எழும்பி, முதல் பஸ் பிடித்துப் போய், இரத்தம் கொடுத்து முடிய எட்டரை. பசியில் காது அடைக்கும். கன்ரீனில் என்ன இருக்கும்? ரோல்ஸ், பற்றீஸ், சீனி தூவின பணிஸ், பெரிய கேத்திலில் முன்கூட்டியே சீனி போட்டுக் கலக்கின தேத்தண்ணி. "தம்பி, சீனி போடாமல் ஒண்டு." "தனியப் போடேலாது அம்மா, நேரமாகும்." சுவரில், அந்தக் கேத்திலுக்கு நேர் மேலே, சீனியைக் குறைக்கச் சொல்லிப் படம் ஒட்டியிருக்கிறது. யார் வாசிப்பதற்கு என்று தெரியவில்லை, கேத்திலாக இருக்கலாம்.

மூன்று மாதச் சராசரி என்று ஒரு சோதனை இருக்கிறதே, போன முறை எனக்கு 8.4. கூடினால் பெயில் ஆகிற ஒரே சோதனை. 7க்குள் கொண்டுவரச் சொல்கிறார்கள். கொண்டுவரலாம். அதற்குத்தான் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் நானே ஒரு அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன். என் கை இடியப்பம், கடை இடியப்பம், பெட்டிப் பிட்டு, குழல் பிட்டு, ஒடியல் பிட்டு, றோஸ் பாண், கறுத்தக்கொழும்பான் ஒரு கன்னம், பனங்கிழங்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நேரே கிராம், பங்கு. போன கிளினிக்கில் அந்தத் தோட்டக்கார ஐயாவுக்கும் ஒரு கொப்பி எடுத்துக் கொடுத்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'கோப்பை அல்ல, ரீ கப்' என்று எழுதினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "ஒரு கப்போ?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வெளியே மாமரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

இன்றைக்கு ஆடிப்பிறப்பு. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பாட்டுப் பாடி வைத்துவிட்டுப் போய்விட்டார். கூழும் கொழுக்கட்டையும் இல்லாமல் இந்த நாளை யாழ்ப்பாணத்தில் கடக்க முடியாது. நான் இந்த முறை அவிக்கவில்லை. பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எவர்சில்வர் சட்டியோடு வந்து நின்றாள்.

"ரீச்சரம்மா, அம்மா தந்துவிட்டவா. உங்களுக்கெண்டு சீனி போடேல்லையாம். பனங்கட்டிதானாம்."

ஆறு கொழுக்கட்டை. பல்லுப் பல்லாக மடித்து, ஆவி பறக்க. ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தேன். 64 கிராம். மேலே அரிசி மா, உள்ளே பயறு, தேங்காய்ப்பூ, அந்தப் பனங்கட்டி. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் இரண்டு பங்குக்குக் குறையாது. கொப்பியை எடுத்து எழுதினேன்.

"இஞ்சரும், நிறுத்தது காணும். ஆறப்போகுது" என்றார் இவர். அவர் கையில் மூன்றாவது.

ஒன்று தின்றேன். மத்தியானச் சோற்றில் இரண்டு பங்கைக் கழித்தேன். சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்றபடியால், முற்றத்து முருங்கையில் இரண்டு கொப்பு முறித்து, இலையை உருவிச் சட்டி நிறைய வைத்துக் கொடுத்தேன். மேலே என் அட்டவணையிலும் ஒரு கொப்பி மடித்து வைத்தேன். அந்தப் பிள்ளையின் தாய்க்கும் போன மாதம் கிளினிக்கில் கொப்பி போட்டிருக்கிறார்கள்.